என் ஆச்சி நரகத்தில் இருப்பதாக என்னால் நம்ப முடியவில்லை

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் எடுக்கிறேன். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை இந்துவாகவே இருந்து, போன வருடம் இறந்துபோனார். அவர் நித்திய நரகத்தில் இருக்கிறார் என்பதை என் மனது ஏற்கவில்லை. யாருமே முடிவில்லாமல் அங்கே கிடப்பார்கள் என்றும் இப்போது நம்ப முடியவில்லை. இதைச் சொன்னதும் என் கணவர், “அப்போ நீ எதுக்குத் திருவிருந்து எடுக்கிற?” என்று கேட்டுவிட்டார். நான் சபையை ஏமாற்றுகிறேனா? பாடம் எடுப்பதை விட்டுவிடவா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆராதனையில் எழுந்து நின்று சொல்கிறீர்களே விசுவாசப் பிரமாணம், அதை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சிலுவை, உயிர்த்தெழுதல், பாவமன்னிப்பு எல்லாம் அதில் உண்டு. கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்பதும் உண்டு. தண்டனை எவ்வளவு காலம், யார் யாருக்கு என்பது அப்போஸ்தலர் பிரமாணத்திலும் இல்லை, நிசேயா பிரமாணத்திலும் இல்லை. அத்தனாசியு பிரமாணத்தில் நித்திய அக்கினி வருகிறது, உண்மைதான். ஆனால் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் நம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பல சபைகள் இணைந்ததற்கான ‘இணைப்பு அடிப்படை’ என்ற ஆவணத்தில் பெயர் சொல்லி ஏற்கப்பட்டவை முதல் இரண்டும்தான்.

அதோடு அந்த ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. பிரமாணங்களின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொருவரும் உடன்பட வேண்டும் என்று கேட்பது எங்கள் நோக்கமில்லை, நியாயமான அளவில் விளக்கம் கொள்ளும் சுதந்திரத்தை விலக்கவும் இல்லை என்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் மரபினர் ஒரே சபையில் சேர அந்த இடைவெளி தேவைப்பட்டது. உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். சண்டைக்காக வேண்டாம், அவர் பயம் தணியட்டும் என்பதற்காக.

அதற்காக உங்கள் கருத்துதான் சபையின் போதனை என்று நான் சொல்ல மாட்டேன். மத்தேயு 25-ம் அதிகாரத்தில் ‘நித்திய ஆக்கினை’ என்பது இயேசுவின் வாயிலிருந்தே வருகிறது. சபையில் பெரும்பாலோர் அதை அப்படியே ஏற்றார்கள். எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்ற எண்ணத்தை ஆதிச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் கடுமையாக மறுத்தார். மூன்றாம் நூற்றாண்டில் அப்படி எதிர்பார்த்த வேத அறிஞர் ஓரிகனின் பெயர் 553-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் கண்டனப் பட்டியலில் ஏறியது. ஆனால் ஏறக்குறைய அதையே எழுதிய ஆயர் நிசாவின் கிரகோரியை சபை இன்றுவரை பரிசுத்தவான் என்றே கொண்டாடுகிறது. நிசேயா விசுவாசத்துக்காக வாதாடியவரும் அவரே. ஆக, சிறுபான்மைதான் என்றாலும் நீங்கள் சபைக்கு வெளியே நிற்கவில்லை.

உங்கள் துக்கமும் புதிதில்லை. நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த சவேரியார், பிறகு ஜப்பான் போய்வந்து 1552-ல் கொச்சியிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் முன்னோரை நரகத்திலிருந்து மீட்க வழியே இல்லையா என்று கேட்டு அழுததை அதில் சொல்கிறார். இல்லை என்றுதான் அவர் பதில் சொல்லியிருந்தார். அவருடைய அதே கத்தோலிக்க சபை 1964-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள், உண்மை மனதோடு கடவுளைத் தேடினால் மீட்பு அடைய முடியும் என்று எழுதி வைத்தது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். ‘எல்லாரும் நிச்சயம் மீட்கப்படுவார்கள்’ என்று அறிவிப்பது ஒன்று. ‘மீட்கப்பட வேண்டும்’ என்று ஏங்கி ஜெபிப்பது வேறு. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தேவனுடைய சித்தம் என்று 1 தீமோத்தேயு 2:4 சொல்கிறது. அந்த ஜெபத்தை யாரும் தடுக்க முடியாது. ஆச்சியின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள்.

பாடசாலையை விடாதீர்கள். ஆனால் உங்கள் நிலைப்பாட்டை நிறுவும் இடமாகவும் அதை ஆக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது பாரம். மத்தேயு 25 வந்தால் அதை மறைக்காமல் வாசியுங்கள். அந்த ராஜா கேட்பதெல்லாம் பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்ப்பது. அதில் நேரம் செலவிடுங்கள். நரகத்தைக் காட்டி மிரட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தப் பிள்ளையாவது, “எங்க ஆச்சி சாமி கும்பிடுறவங்க, அவங்க எங்க போவாங்க?” என்று கேட்டால், “சபையில் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நான் அவர்களை இயேசுவின் கையில் விட்டிருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

அப்புறம், இதெல்லாம் வேறு யார் மூலமாவது உங்கள் சபை ஐயர் (போதகர்) காதுக்குப் போவதற்கு முன் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள். உங்கள் கணவரும் கூட வரட்டும். ஆச்சி கையால் சாப்பிட்டவர்தானே அவரும்? அவர் மனதிலும் இதே கேள்வி இருக்கலாம்.