டிராகன் ஏஜ் தொடரைக் கெடுத்தது வெளியீட்டாளரா?

யாழ்ப்பாணத்துக் கணினி விளையாட்டு இரசிகர்களிடையே ஓயாத வழக்கு இது: பயோவேர் நிறுவனம் உருவாக்கிய டிராகன் ஏஜ் என்ற விளையாட்டுத் தொடரைக் கெடுத்தது, அந்நிறுவனத்தை 2008இல் வாங்கிய வெளியீட்டாளரான எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்தானா?

பெரும்பங்கு ஆம் என்பேன். முதற்பாகம் 2009 நவம்பரில் வந்தது. இரண்டாவது 2011 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அந்த அவசரம் திரையிலேயே தெரிகிறது. வெவ்வேறு இடங்கள் என்று சொல்லி ஒரே குகைக்குள் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அடைபட்ட வாசல்கள் மட்டுமே மாறும். ஆடுபவரோடு கூடவே வரும் அருமையான தோழர் பாத்திரங்களை எழுதியவர்களுக்கு அவகாசம் மறுக்கப்பட்டது பெரிய அநியாயம்.

ஆனால் அதே வெளியீட்டாளரின் கீழ்தான் 2014இல் மூன்றாம் பாகமான இன்குவிசிஷன் வந்து, ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வென்றது. நான்காம் பாகமோ முதலில் தனியாள் கதையாகத் தொடங்கப்பட்டு, இடையில் இணையவழிப் பலர் ஆட்டமாக மாற்றப்பட்டு, பிறகு மீண்டும் தனியாள் கதையாக்கப்பட்டு, 2024இல்தான் வெளிவந்தது.