வெயில் நாட்டு வைனும் வன்னி வெக்கையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மெல்பேணில் இருக்கும் அண்ணா மார்கழி விடுமுறைக்கு வரும்போது பரோசா வைன் மூன்று போத்தல் கொண்டுவருவதாகச் சொல்கிறார். எவற்றைக் கேட்கலாம்? (கிளிநொச்சி)

மூன்றும் ஷிராஸ் என்ற சிவப்பு வைனாக இருக்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். பரோசா, தென் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகருக்கு வடகிழக்கே உள்ள வெயில் நிலம். வெயில் கூடிய இடத்தில் முந்திரிகைப் பழத்தில் சீனி விரைவாக ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சீனியே நொதித்து மதுசாரமாவதால், அங்குள்ள ஷிராஸ் பெரும்பாலும் 14 முதல் 15 சதவீத மதுசாரத்துடன், நாவற்பழச் சாறுபோல் கறுத்துத் தடித்திருக்கும். அதில் ஒரு போத்தல் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவதாகக் கிரனாஷ் என்ற இன்னொரு சிவப்பு வைனைக் கேளுங்கள். அதே வெயிலில் விளைந்தும் நிறம் மெலிந்து, துவர்ப்புக் குறைந்து, பழச்சுவை முன்னுக்கு நிற்கும் வைன் அது. மூன்றாவது, ஈடன் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். பெயர் பள்ளத்தாக்கு என்றாலும் அது பரோசாவின் கிழக்குப் பக்கத்து மேட்டு நிலம். தோட்டங்கள் பலவும் கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கு மேலே உள்ளன. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காத்துவிடுவதால், தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறி மணந்ததுபோன்ற வாசனை கிண்ணத்திலிருந்து எழும். ரீஸ்லிங், கிரனாஷ், ஷிராஸ் என்ற ஒழுங்கில், ஆளுக்கு 50 மில்லிலீற்றர் அளவில் ஊற்றி, மூன்று கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். வெயிலும் உயரமும் பழத்தில் என்ன செய்கின்றன என்பதை நாக்கே சொல்லிவிடும்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று வாசித்து, அப்படியே மேசையில் வைத்துத் திறந்தோம். மூக்கை எரித்தது, மருந்துபோல் இருந்தது. வைன் பழுதா? (முல்லைத்தீவு)

வைனில் பழுதிருப்பதாகத் தெரியவில்லை. அந்த அறிவுரைதான் நம் வீடுகளுக்குப் பொருந்தாதது. அது ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளில் பிறந்த வழக்கம். அந்த வீடுகளின் அறை 16, 18 பாகைக்கு மேல் அரிதாகவே சூடேறும். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடியில் நம் விறாந்தை 33 பாகையில் நிற்கிறது. அந்தச் சூட்டில் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறுவது மதுசாரம். பழத்தின் மணம் அதன் பின்னே மறைந்துவிடும். ஏற்கெனவே மதுசாரம் கூடிய வெயில் நாட்டு வைனுக்கு இந்தக் கேடு இரட்டிப்பாகும். எந்தப் போத்தல் வாங்குவது என்று பல நாள் யோசிப்பவர்கள், அதை எந்தச் சூட்டில் திறப்பது என்று ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

ஒரு வாளியில் பாதி ஐஸும் பாதி தண்ணீருமாக நிரப்பி, போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். ஐஸை மட்டும் குவித்தால் இடையில் காற்று நின்றுவிடும். தண்ணீர் இருந்தால்தான் குளிர் கண்ணாடி முழுவதும் படும். மீன்வாடியில் வாங்கிய ஐஸும் வாளிக்குப் போதும், ஆனால் கிண்ணத்துக்குள் போடக் கூடாது. சிவப்புக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம். வெள்ளைக்கு அரை மணித்தியாலம். வெளியே எடுக்கும்போது கண்ணாடியில் மெல்லிய வியர்வை பூத்து, உள்ளங்கைக்குச் சில்லென்று இருந்தால் ஷிராஸ் ஆயத்தம். குறைவாகவே ஊற்றுங்கள், நம் வெக்கையில் கிண்ணத்தில் நிற்கும் வைன் சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும்.

நண்டுக் கறியோடும் ஆட்டிறைச்சிக் கறியோடும் எதைப் பரிமாறலாம்? (வவுனியா)

உறைப்பும் மதுசாரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று மூட்டிவிடும். துவர்ப்பும் அந்த எரிவைக் கூட்டும். ஆகவே நன்றாக வறுத்த கறித்தூள் போட்ட கறிக்குப் பக்கத்தில் ஷிராஸை வைக்க வேண்டாம். நண்டுக்குக் குளிர்ந்த ரீஸ்லிங் மிகப் பொருத்தம்: அதன் புளிப்பு, கறிக்குத் தேசிக்காய் பிழிந்த வேலையைச் செய்யும். ஆட்டிறைச்சிக்குச் சற்றுக் குளிரவைத்த கிரனாஷ். ஷிராஸ்தான் வேண்டுமென்றால், மிளகும் உப்பும் மட்டும் தடவித் தணலில் வாட்டிய இறைச்சியோடு கொடுங்கள். எதுவானாலும் முதல் மிடறைச் சாப்பாட்டுக்கு முன், வெறும் பாண் துண்டோடு சுவைத்துவிடுங்கள்.

போத்தலில் 'பழைய கொடி' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பது வெறும் விளம்பரமா? (மாங்குளம்)

பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. பரோசாவில் 2009 இல் ஒரு சாசனம் வகுத்து, 35 ஆண்டு, 70 ஆண்டு, 100 ஆண்டு, 125 ஆண்டு என நான்கு படிகளாகக் கொடிகளைப் பிரித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தென் அவுஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. அதனால்தான் 1843 இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் தம் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. கிழக் கொடி குறைவாகக் காய்க்கும். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் முறை சுவைப்பவர் அந்தக் காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

அலுமாரியில் வைத்தால் வைன் முதிர்ந்து நன்றாகுமா? திறந்தது எத்தனை நாள் தாங்கும்? (நெடுங்கேணி)

நம் அலுமாரியில் வைன் முதிராது, வேகும். ஒருமுறை ஓமந்தையில் மதிய வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் நல்ல ஷிராஸ் ஒன்றை விட்டுவிட்டேன். மாலையில் தக்கை அரை விரல் மேலெழும்பி, கழுத்தில் வைன் கசிந்து பிசுபிசுத்திருந்தது. உள்ளே காய்ச்சிய பழப்பாணியின் சுவைதான் மிஞ்சியது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, சில மாதங்களுக்குள் திறந்துவிடுங்கள். திறந்த போத்தலை இறுக மூடி அதே இடத்தில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு புளித்துப்போனதை வினாகிரியாகச் சமையலுக்கு எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், வெளியே ஊற்றிவிடுங்கள்.