பூஜை அலமாரி நந்தி என்ன விலை போகும்?

கேள்வி: மாமியார் வைத்துப் பூஜை செய்த நந்தி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கரிய கல், உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு காது உடைந்திருக்கிறது. பழைய சாமான் வாங்குகிற ஒருவர் பார்த்துவிட்டு, 'சோழர் காலத்துக் கருங்கல்' என்று சொல்லி 20,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? அதற்கு முன் புளி போட்டுத் தேய்த்து வைக்கட்டுமா?
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: புளி வேண்டாம் அம்மா. எலுமிச்சையும் வேண்டாம். அந்த எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கட்டும். அது எத்தனை காலம் பூஜையில் இருந்தது என்பதற்கு இப்போது உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி அதுதான்.

கறுப்பாக இருப்பதாலேயே கருங்கல் என்று சொல்லிவிட முடியாது. கல்சட்டி செய்கிற மாக்கல்லும் எண்ணெய் குடிக்கக் குடிக்கக் கறுத்துவிடும். நந்தியைத் திருப்பி, எண்ணெய் படாத அடிப்பக்கத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூள் வந்தால் மாக்கல். கருங்கல்லில் நகம்தான் தேயும்.

உளி பிடித்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எந்தச் சிலையைக் கொடுத்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றுக்கு அடியிலும் கால் இடுக்கிலும்தான் பார்ப்பேன். கையால் செதுக்கியதில் உளி கொத்திய புள்ளிகள் முன்னும் பின்னுமாக இருக்கும். மெஷின் சக்கரம் ஓடியிருந்தால் ஒரே சீரான வளைகோடுகள் தெரியும். அப்புறம் தேய்மானம். கை படுகிற திமிலும் நெற்றியும் மழுங்கியிருக்க வேண்டும், இடுக்குகள் கூர்மையாக இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கியிருக்கிறார்களோ என்று நான் சந்தேகப்படுவேன். உடைந்த காதையும் பாருங்கள். பழைய முறிவிலும் அதே பிசுக்கு ஏறியிருக்கும்; புதிய முறிவு வெளிறிப்போய் இருக்கும்.

சரி, சோழர் காலமா? நம் டெல்டாவில் தோண்டினால் களிமண்ணும் மணலும்தான். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. கையடக்க நந்தி யாரோ யாத்திரை போன இடத்தில் வாங்கியதாகவும் இருக்கலாம். எழுத்துப் பொறிப்பு எதுவும் இல்லாத இவ்வளவு சின்ன உருவத்துக்கு, கையில் எடுத்த மாத்திரத்தில் காலம் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அந்த வியாபாரியிடம் தொல்பொருள் விற்கும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 100 வருடம் தாண்டிய கல் சிற்பம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை மத்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் அதில் வியாபாரம் செய்யவே கூடாது. அவர் சொல்கிறபடி அது உண்மையிலேயே சோழர் காலத்தது என்றால் இவ்வளவு அவசரமாக, ஒரு காகிதமும் இல்லாமல் கேட்க மாட்டார். இல்லையென்றால் 20,000 எதற்கு?

நான் ஒரு தொகை சொல்லப்போவதில்லை. பூஜை அலமாரியோடு எடுத்த பழைய குடும்பப் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதில் நந்தி தெரிந்தால், அதன் மதிப்பைப் பற்றிப் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும்.

கேள்வி: குளம் தூர் வாரும்போது ஒரு சாண் உயரப் பிள்ளையார் கிடைத்தார். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது தம்பி. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேற்றைக் கழுவாதீர்கள். குளத்தின் எந்தக் கரைப் பக்கம், எவ்வளவு ஆழத்தில், கூடவே ஓடு, செங்கல் ஏதும் வந்ததா என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குக் குளம் நிரம்பிவிட்டால் அந்த இடத்தை யாராலும் காட்ட முடியாது.