ஆடியில் கணவாயைக் கடப்பது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லிலிருந்து குருவாயூருக்கு மிதிவண்டியில் தனியாகப் புறப்பட்டேன். முதல் நாள் உடுமலையில் தங்கினேன். மறுநாள் பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூர் சேர்ந்துவிடுவதாகத் திட்டம். மலை ஏதும் இல்லாத பாதை என்பதால் கவலைப்படவில்லை. ஆனால் பொள்ளாச்சியைத் தாண்டியதும் ஆடிக்காற்று நேர் எதிரே அடித்தது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. மாலை 5 மணிக்குப் பாலக்காட்டை அடுத்த சித்தூர் வந்தபோது கைவிரல்கள் மரத்துவிட்டன. அங்கிருந்து ஒரு சரக்கு வண்டியில் மிதிவண்டியை ஏற்றிக்கொண்டு பாலக்காடு போனேன். கொடைக்கானல் மலையை மிதித்தே ஏறியவன் நான். சமதரையில் ஏன் தோற்றேன்? இதை இனி மிதிவண்டிப் பயணம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

சமதரை என்று நம்பி நீங்கள் வந்த அந்தப் பாதை, ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்தின் மிகக் கடினமான ஏற்றம். வடக்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைக் கொண்ட நீலகிரி. தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடியைக் கொண்ட ஆனைமலைத் தொடர். இரண்டுக்கும் நடுவே, 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக, சில நூறு மீட்டர் உயரமே உள்ள தரையாகக் கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இந்த நெடுஞ்சுவரில் கிடைக்கும் பெரிய வாசல் இதுதான். உடுமலையைச் சுற்றி நீங்கள் கண்ட காற்றாலைகள் அந்த வாசலுக்கு நேரே நிற்பவை. நீங்கள் அதன் வழியாக எதிர்த்திசையில் நுழைந்திருக்கிறீர்கள்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். காற்று மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும்போது நீங்கள் 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகம் 40. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், காற்றில்லாத நாளில் அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இருப்பதைப்போல் ஏறக்குறைய 11 மடங்கு தடையை நீங்கள் தள்ளியாக வேண்டும். பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கிய பைகள் அதை இன்னும் கூட்டியிருக்கும்.

கொஞ்சம் வயது குறைவாக இருந்தபோது நானும் அதே பாதையில், அதே மாதத்தில் சிக்கியிருக்கிறேன். கோபாலபுரம் தாண்டியபின் சாலையோரப் பனைகளின் மட்டைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து ஓயாமல் சலசலத்தன. அந்தச் சத்தத்தில் என் வண்டிச் சங்கிலியின் ஓசையே எனக்குக் கேட்கவில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம் அது தள்ளிக்கொண்டு வரும் காற்று முகத்தில் அறையும். உடனே கைப்பிடி ஒரு சாண் ஆடும். வியர்வை தோன்றுமுன்பே காய்ந்துவிட்டதால் தாகமே தெரியவில்லை. சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்து ஒரு தேநீர்க் கடைக்காரர், நான் கேட்காமலேயே இரண்டு குவளை மோர் கொடுத்தார். அவர் அப்போது சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்: “காத்தோட மல்லுக்கட்டாதீங்க தம்பி, அதுக்கு ஊரு போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்ல.”

கொடைக்கானல் ஏறியவருக்கு இது ஏன் முடியவில்லை என்று கேட்கிறீர்கள். மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் கடந்த தூரத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது; உச்சி என்று ஒன்று இருக்கிறது, பிறகு இறக்கம் இருக்கிறது. எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. வேகம் குறைந்ததைத் தன் உடலின் குறையாக எண்ணி, வழக்கமான வேகத்தைப் பிடிக்க மனம் விரட்டும். நாம் கைப்பிடியை இறுக்கி, மணிக்கணக்கில் குனிந்தே இருப்போம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது பெரும்பாலும் உள்ளங்கையின் ஓரமாகச் செல்லும் நரம்பு அழுந்துவதால்தான். அரைமணிக்கு ஒருமுறை இறங்கிக் கையை உதறியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு ஆகியிருக்காது. மரத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது என்பதால், சித்தூரில் நீங்கள் நிறுத்திக்கொண்டதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

மிதிவண்டிப் பயணம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். சித்தூர் முதல் பாலக்காடு வரை சரக்கு வண்டியில் போனதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தச் சில கிலோமீட்டரை மறைத்தால், அடுத்த ஆடியில் உங்களைப் படித்துவிட்டு வரும் இன்னொருவர் அதே பகல்வேளையில் அதே இடத்தில் மாட்டிக்கொள்வார்.

மறுபடி வருவதாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் கணவாய்க்குள் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். அப்போது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரை அது முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். ஆடியில்தான் வருவேன் என்றால் உடுமலையில் தங்காமல் பொள்ளாச்சியில் தங்குங்கள். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், முன்னும் பின்னும் விளக்கு எரிய, 5 மணிக்கே புறப்படுங்கள். முடிந்தால் ஒரு துணையோடு வந்து, ஒருவர் பின் ஒருவராக முறை மாற்றி மிதியுங்கள். பின்னால் வருபவருக்குச் சுமை நன்றாகவே குறையும். சிறிய கியரில் வைத்து, வேகமானியைப் பார்க்காமல் வாருங்கள். வெயில் ஏறிக் காற்று பலப்படுவதற்குள் சித்தூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிடலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து