பி.டி. ஆசிரியரே இல்லாத தொடக்கப் பள்ளியில் விளையாட்டு வகுப்பை எப்படி மேம்படுத்துவது?

"பி.டி. ஆசிரியர் கிடையாது, மைதானமும் சுமார்தான், இருப்பது ஒரே பந்து. எங்கள் தொடக்கப் பள்ளியில் விளையாட்டு வகுப்பை எப்படி உருப்படியாக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போலிருக்கிறது. இரண்டு ஆசிரியர் பள்ளியாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர் மீட்டிங், பயிற்சி என்று கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் உங்கள் தலையில். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள், என் கதையை உங்கள் மேல் ஏற்றிப் பார்க்கிறேன்.

பி.டி. ஆசிரியர் வருவார் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். நம் வகுப்புகளுக்கு அந்த வரியே கிடையாது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் சேர்த்து 16,000 பேருக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அவர்களும் 6 முதல் 8 வரைக்குத்தான். ஆனால் மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் எல்லாப் பள்ளிக்கும் இருக்க வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. பந்து உண்டு, சொல்லித்தர ஆள் இல்லை என்ற கணக்கு. அந்த ஆள் நீங்கள்தான்.

நான் உடற்கல்வி படித்தவள் இல்லை, இடைநிலை ஆசிரியர். ஆசிரியர் பயிற்சியில் படித்த உடற்கல்வியில் இன்று நினைவில் நிற்பது அட்டென்ஷனும் ஸ்டேண்ட் அட் ஈஸும்தான். அதனால் இதைப் படிக்கும் பி.டி. மாஸ்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வேலையை யாரும் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இல்லாத இடத்தில் என்ன செய்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் அப்போது 38 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. என் முறை ரொம்ப எளிது. பீரோவைத் திறந்து பந்தை எடுத்து வெளியே போடுவேன். அப்புறம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பதிவேடுகளை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடுவேன். சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அர்த்தம். இப்படியே நான்கு வருடம் ஓட்டினேன், மறைப்பானேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பதிவேடு எழுத பேனாவில் மை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். அவள் காலடியில் வரிசையாகச் செருப்புகள், பத்துப் பன்னிரண்டு ஜோடி. "இங்க என்னம்மா பண்ற?" என்று கேட்டேன். "செருப்பு பாத்துக்கறேன் டீச்சர்" என்றாள். எப்போதிலிருந்து என்றேன். "மூணாவதுல இருந்து டீச்சர்." அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏதோ பதவி வகிப்பதுபோலச் சொன்னாள்.

அடுத்த வாரம் பதிவேட்டை எடுக்காமல் ஒரு பழைய நோட்டோடு உட்கார்ந்தேன். மைதானத்தில் ஓடுகிறவர்களை எண்ணினேன். பதினொரு பேர், அத்தனையும் நான்காவது ஐந்தாவது பையன்கள். ஒன்றாவது இரண்டாவது எல்லாம் ஓரமாக மண் அளைந்துகொண்டிருந்தது. பெண்பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். செருப்புக் காவல்காரி பக்கம் நாற்பது நிமிடத்தில் பந்து இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் குனிந்து கையால் எடுத்து, துடைத்து, ஒரு பையன் கையில் கொடுத்தாள். அவளுடைய உடற்கல்வி அவ்வளவுதான்.

உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். பந்து வாங்குவதற்கு முன், மைதானம் கேட்டு மனு எழுதுவதற்கு முன், ஒரு பீரியட் முழுக்க ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்கள். நன்றாக ஓடுகிற பிள்ளையை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். அது எத்தனை நிமிடம் அசைந்தது என்று எழுதுங்கள். அந்த எண்ணைக் கூட்டுவதுதான் வேலை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் காவல்காரிக்கு வாரத்துக்கே இரண்டு தடவை குனிந்து நிமிர்வது.

"கிராமத்துப் பிள்ளைங்க வயல்ல வரப்புல ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அதுக்கு எதுக்கு பி.டி.?" என்று இங்கேயும் யாராவது வந்து எழுதுவீர்கள். என் பிள்ளைகளில் பாதிப்பேர் ஷேர் ஆட்டோவில் வந்து, போனதும் அப்பா போனை எடுத்துக்கொண்டு உட்கார்கிறவர்கள். வரப்பு இருக்கிறது, அதில் ஓட ஆள்தான் இல்லை.

சரி, என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். முதலில் எண்ணிக்கை. 38 பேருக்கு ஒரு பந்து என்றால் 37 பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். தையல்கடையில் வெட்டுத்துணி கேட்டு ஒரு மூட்டை வாங்கி வந்தோம். கிழிந்த சாக்ஸுக்குள் அதைத் திணித்து, வாயைத் தைத்துப் பந்து. சத்துணவு அமைப்பாளர் அக்கா பத்து தைத்துக் கொடுத்தார், நான் பத்து தைத்தேன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மீதியைத் தைத்தார்கள். நாற்பது பந்து, செலவு நூல்கண்டுக்கு மட்டும். முகத்தில் பட்டாலும் வலிக்காது. பயந்த பிள்ளைகள் விளையாட வருவதற்கு அது பெரிய காரணம்.

அதை வைத்து நாங்கள் கண்டுபிடித்த ஆட்டத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "குப்பை வீடு". நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் ஒரு கட்சி. விசில் அடித்ததும் தன் பக்கம் கிடக்கும் பந்தையெல்லாம் எதிர்ப்பக்கம் எறிய வேண்டும். மறு விசிலில் நிறுத்தி எண்ண வேண்டும். எந்த வீட்டில் குப்பை குறைவோ அந்தக் கட்சி ஜெயித்தது. யாரும் அவுட் இல்லை. ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்தே ஆடலாம். இரண்டு நிமிடத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், எனக்கும்தான்.

அடுத்தது இந்த அவுட் விவகாரம். நம் ஆட்டங்களில் பெரும்பாலும் தோற்றவன் வெளியே போய் உட்கார வேண்டும். யார் முதலில் தோற்பார்கள்? ஓடத் தெரியாத பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அதைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம். கபடியை விடவில்லை, கிளித்தட்டையும் விடவில்லை. அவுட்டானால் வேப்பமரத்தை நொண்டியடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று மாற்றினோம், அவ்வளவே. ரிலே ஓட்டத்தில் இருபது பேர் வரிசை வைக்காதீர்கள். நான்கு பேருக்கு மேல் நின்றால் அது ரேஷன் கடை.

மூன்றாவது நேரம். வாரம் ஒரு நாள் நாற்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. காலையில் பத்து நிமிடம், மூன்று மணிக்கு மேல் பதினைந்து நிமிடம் என்று தினமும் பிரித்துக்கொண்டோம். காலை உணவு சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். நான் ஒரு நாள் அப்படிச் செய்து, கிச்சடி யார் யார் சட்டையில் வந்தது என்று கணக்கெடுக்க வேண்டியதாயிற்று.

சும்மா எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைக்காதீர்கள். இரண்டாவது மாதமே நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கபடியில் விழுந்து முகவாயில் மூன்று தையல். அவன் தாய்மாமன் வந்து பள்ளி வாசலில் நின்று, "என்னா டீச்சர், பள்ளிக்கொடத்துக்குப் படிக்க அனுப்பறமா, உசுர விட அனுப்பறமா?" என்று ஊருக்கே கேட்கும்படிக் கத்தினார். தலைமையாசிரியர் பந்து, விசில் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, யாருக்குத்தான் வம்பு வேண்டும்? தீபாவளி வரைக்கும் பீரோ திறக்கவில்லை. துணிப்பந்து மூட்டை மட்டும் சத்துணவுக்கூடத்தில் இருந்ததால் தப்பித்தது.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தை நானே எடுத்தேன். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான். விளையாட்டை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, ஓர் அம்மா, "கல்லப் பொறுக்கிட்டா போச்சு, இதுக்கு ஏன் டீச்சர் இவ்ளோ பேச்சு?" என்றார். ஒரு சனிக்கிழமை நான்கு அம்மாக்கள் வந்து தரையில் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து சரளைக்கல் பொறுக்கினார்கள். ஏழு சட்டி கல். அந்தத் தாய்மாமனும் வந்து கல்லைக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

விளையாட்டுப் பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கு மத்திய அரசு நிதி தரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருளுக்காக வருடத்துக்கு 5,000 ரூபாய் என்று இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு வந்ததா, அதில் என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எங்களுக்கு ஒரு வருடம் யாரோ எங்கிருந்தோ ஒரு பெட்டி அனுப்பினார்கள். உள்ளே இறகுப்பந்து மட்டை, வலை, பெரியவர்கள் ஆடுகிற அளவில் ஒரு கிரிக்கெட் மட்டை. ஏரிக்காற்று வீசுகிற இடத்தில் இறகுப்பந்து! மட்டையை ஒன்றாம் வகுப்புப் பையன் பக்கத்தில் வைத்தால் எது உயரம் என்று பார்க்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டதால் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர் புதுசு மாதிரி பராமரிக்கிறீர்களே என்று பாராட்டிவிட்டுப் போனார். பொருள் தேயும், உடையும் என்று குழுவில் தீர்மானம் எழுதிய பிறகுதான் உறை பிரிந்தது.

"தமிழ் வாசிக்கவே தெரியல, உங்களுக்கு விளையாட்டு கேக்குதா?" என்பார்கள். வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் நான் முடிச்சுப் போடப் போவதில்லை. விளையாடினால் மார்க் ஏறும் என்று சொல்லித்தான் விளையாட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றால் அது எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, ஆசிரியரின் நேரத்தை எது தின்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வருகைப்பதிவுக்கு ஒரு செயலி, சாப்பாட்டுக்கு ஒரு செயலி, எல்லாம் என் போனில், என் ரீசார்ஜில். வாக்காளர் பட்டியல் வேலைக்கு வீடு வீடாகப் போனபோது ஒரு நாய் கணுக்காலில் கடித்தது. நான்கு ஊசி. ஊசி போடப் போன நாள்களைத் தற்செயல் விடுப்பில் கழித்துக்கொண்டார்கள். வேலையின்போது கடித்த நாய் என்று எழுதிக் கொடுத்தும் பயனில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுத ஆரம்பித்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. செருப்புக் காவல்காரி குப்பை வீடு ஆட வந்த முதல் வாரமே ஒரு தெருநாய் புகுந்து புதுச் செருப்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. மறுநாள் செருப்பைப் பறிகொடுத்த பையனின் அம்மா ஒற்றைச் செருப்போடு வந்துவிட்டார். "அந்தப் பொண்ணு இருந்த வரைக்கும் ஒரு செருப்புகூட காணாமப் போனதில்ல டீச்சர்!" அவரைச் சமாதானம் செய்வதற்குள் முதல் பீரியட் முடிந்துவிட்டது. அந்தப் பெண் பெரிய வீராங்கனையாக வந்தாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டத்தில் கடைசிவரை கடைசியாகத்தான் வந்தாள். மறுபடி நோட்டு எடுத்து எண்ணியபோது பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தாள், மீதி மூன்று நிமிடம் சண்டை. செருப்புகளை இப்போது வகுப்பறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

கோடு போடுவதற்குக் கோலமாவு வாங்கினால் கல்மாவாகப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் முதல் தடவை அரிசி மாவில் போட்டோம். எறும்பு மொய்த்து, கிளித்தட்டில் கோட்டின் மேல் நின்று மறிக்க வேண்டிய பிள்ளைகள் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.