2000 பாட்டு, 8 ஜிபி பென் டிரைவ்: நம்பி வாங்கலாமா?

கேள்வி: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கடையொன்றில் "சுசீலா, ஜானகி, எஸ்.பி.பி, டி.எம்.எஸ்: 2000 பாட்டு, 320 கேபிபிஎஸ், டிஜிட்டல் ஸ்டீரியோ" என்று எழுதிய 8 ஜிபி பென் டிரைவைக் கண்டேன். அம்மாவுக்கு வாங்க விருப்பம். ஒருவருடைய பாட்டுகளை மட்டும் வாங்குவதென்றால் யாருடையதை வாங்கலாம்? (வாசகி, முள்ளியவளை)

பதில்: அட்டையில் உள்ள கணக்கே பிழை. கேபிபிஎஸ் என்பது ஒரு வினாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் தரவு என்பது, கூடினால் தரமும் கோப்பின் அளவும் கூடும். மூன்றரை நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ்ஸில் 8.4 எம்பி வரும். 2000 பாட்டுக்குக் கிட்டத்தட்ட 17 ஜிபி வேண்டும். 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு பாட்டு 3.4 எம்பி, மொத்தம் 7 ஜிபிக்குள் அடங்கிவிடும். அப்படியானால் உள்ளே இருப்பது 128 ஆகத்தான் இருக்கும், அல்லது 2000 பாட்டு இராது. கடையிலேயே போனில் செருகி, ஒரு பாட்டின் அளவைப் பாருங்கள்.

ஒருவரைத்தான் சொல்லவேண்டும் என்றால் பி. சுசீலா. 1953இல் திரைக்கு வந்தவர். பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக நின்று பாடிப் பதிந்த காலம் அது. ஒருவர் பிழைவிட்டால் முழுப் பாட்டையும் திரும்பப் பாடவேண்டும் என்பதால் ஒத்திகை பலமாக இருந்தது. விஜயநகரத்தில் பிறந்த தெலுங்குக்காரர் என்றாலும் அவருடைய ழகரத்தையும் ளகரத்தையும் கவனித்துக் கேளுங்கள், எந்தப் பத்தாண்டிலும் தளராது. அவர் பாட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் ஏமாற்றம் குறைவு.

ஜானகி 1957இல் தொடங்கியவர். அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'தேவர் மகன்' 1992இல் வந்தபோது 54 வயது. எஸ்.பி.பி 1966இல் தொடங்கி, 1996ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை 'மின்சாரக் கனவு' படத்துக்கு வாங்கினார். முப்பது வருடம் கழித்தும் மெருகு குலையாதவர்கள் இந்த இருவரும். டி.எம்.எஸ்ஸுக்கு மட்டும் காலம் பார்த்து வாங்குங்கள். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை வந்தவைதான் அவருடைய உச்சம். பிற்காலத்தில் கீபோர்ட் வைத்துத் திரும்பப் பதிந்த பழைய பாட்டுகளும் இப்படியான தொகுப்புகளில் கலந்துவிடும். வயலின் கூட்டத்துக்குப் பதிலாக ஒரே சீரான மின் ஓசை கேட்டால் அது மூலப் பதிவு அல்ல.

கேள்வி: பழைய பாட்டுகளை ஒற்றை ஸ்பீக்கர் புளூடூத் பொக்ஸில் போட்டால் குரல் மறைந்து வாத்தியம் மட்டும் கேட்கிறது. பொக்ஸ் பழுதா? (வாசகர், பரந்தன்)

பதில்: பொக்ஸ் நல்லது, பழுது கோப்பில். ஐம்பது, அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாட்டுகள் பெரும்பாலும் மோனோவாகவே, அதாவது இரு பக்கத்துக்கும் ஒரே ஒலியாகவே பதியப்பட்டவை. அதை "ஸ்டீரியோ" ஆக்கவென்று சிலர் ஒரு பக்க அலையில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கியோ சற்றுப் பிந்தவைத்தோ மற்றப் பக்கத்துக்கு விடுவார்கள். காதில் ஹெட்போன் மாட்டினால் அகன்று கேட்கும். ஒற்றை ஸ்பீக்கரில் இரு பக்கமும் கூடும்போது, எதிரெதிராக உள்ள பகுதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும், குரல் அந்தப் பகுதியில் இருந்தால் குரல்தான் மறையும். வாங்கும் முன் போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஒலியை இயக்கி, ஒரு பாட்டைக் கேளுங்கள். குரல் மெலிந்தால் அந்தத் தொகுப்பு வேண்டாம்.

குரல் கீச்சென்று மெல்லியதாகத் தோன்றினால் வேகத்தைப் பாருங்கள். இசைத்தட்டிலிருந்து எடுக்கும்போது தட்டு நூற்றுக்கு 4 வீதம் வேகமாகச் சுற்றினாலே 3 நிமிடம் 30 வினாடிப் பாட்டு 3 நிமிடம் 22 வினாடியாகிவிடும், சுருதியும் ஏறும். அதே பாட்டின் வேறொரு பிரதியோடு நீளத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவை உழவு இயந்திரத்தின் பிளேயர் வாசிக்கவில்லை. (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: பல 64 ஜிபி டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. மலிவான பிளேயர்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய முறையைத்தான் வாசிக்கும். 32 ஜிபி ஒன்றை வாங்கி ஃபேட்32 ஆக்கிப் பாட்டுகளை ஏற்றுங்கள், 320இலேயே மூவாயிரத்துக்கு மேல் கொள்ளும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முதலில் முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். போலி டிரைவில் நிரம்பியபின் வரும் பாட்டுகள் பழையவற்றின் மேல் எழுதப்பட்டுப் பாதியில் நிற்கும். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.