பெற்றோர் இல்லாத குழந்தை மந்திரப் பயணம் போகும் சிறுவர் கதையை நெல்லைப் பக்கம் நடப்பதாக எழுத முடியுமா?

தாராளமா எழுதலாம். டிராகனும் பனிமலையும் இல்லாம ஆசிய மாயக்கதை எடுபடுமான்னு கேட்டிருக்கீங்க. எடுபடும். ஆனா மந்திரத்தை அப்புறம் பார்த்துக்கலாம், அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு முதல்ல யோசிங்க. பல கதைகள்ல, போகாதேன்னு தடுக்க ஆள் இருக்கக் கூடாதுன்னுதான் அப்பா அம்மாவைச் சாகடிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

எங்க பக்கம் தெரியாத பிள்ளையைப் பார்த்தா முதல் கேள்வியே "ஏட்டி, நீ யாரு மவ?" தான். பதில் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? பங்குனி உத்திரத்துக்கு வெளியூர்ல பிழைக்கிறவங்க கூட வந்து, அவங்கவங்க குல சாஸ்தா, அதாவது குலதெய்வமா கும்பிடுற அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோட கிளம்பிருவாங்க. தெருவே காலியா கிடக்கும். தன்னோட சாஸ்தா யாருன்னே தெரியாத ஒருத்தி மட்டும் திண்ணையில உட்கார்ந்திருக்கா. கதையை அங்க ஆரம்பிங்க.

அவ போக வேண்டிய இடமும் இங்கயே இருக்கு: பாபநாசத்துக்கு மேல காரையாறு காட்டுக்குள்ள சொரிமுத்து அய்யனார் கோயில். குல சாஸ்தா தெரியாதவங்க இவரைக் கும்பிடலாம்ங்கிறது இங்க உள்ள நம்பிக்கை.

பழைய முத்துத் துறைமுகமான கொற்கையில இருந்து அவளைக் கிளப்புங்க. கடல் இப்ப அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு. தாமிரபரணிக் கரையோட மேற்க நடந்தா ஆதிச்சநல்லூர் பரம்பு, அதாவது மேட்டு நிலம். 1899 வாக்குல தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டத் தொடங்கி, முதுமக்கள் தாழிகளோட தங்க நெற்றிப்பட்டமும் இரும்புக் கருவிகளும் எடுத்த இடம். ராத்திரி ஒரு தாழிக்குள்ள இருந்து கிழவி குரல்: "யாரு மவட்டி நீ?" பதில் சொன்னாத்தான் வழி. இவ திருப்பிக் கேக்கா: "நீங்க யாரு மவ, ஆச்சி?" எத்தனையோ ஆயிரம் வருசமாச்சே, ஆச்சிக்கும் மறந்து போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்பட்டும்.

அடுத்து திருநெல்வேலியில இருக்கிற குறுக்குத்துறை. ஆத்துக்குள்ளயே முருகன் கோயில். வெள்ளம் வந்தா உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. இருந்த இடத்தை விட்டு வந்து தண்ணி வடியக் காத்திருக்கிற முருகனும் இவளும் பேசுற இடத்தை நீளமா எழுதுங்க. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியில அவளைத் தொலைஞ்சு போன ராஜகுமாரி ஆக்கிராதீங்க, கெஞ்சிக் கேக்கேன். அப்படி ஆக்கினா, நிஜமாவே பெத்தவங்க இல்லாம இதைப் படிக்கிற பிள்ளைக்கு அதுல ஒண்ணுமே இல்ல.

காட்டுப் பகுதியை எழுதுறதுக்கு முன்னால பாபநாசம் வழியா ஒரு தடவை கோயிலுக்குப் போய்ட்டு வாங்க. புலிகள் காப்பகம்ங்கிறதால சோதனைச்சாவடியில பகல்லதான் விடுவாங்க, காலையிலயே கிளம்பிருங்க.